இரண்டு நூல் கூடுதல்

மணி பத்து இருபது. பதினொன்றுக்கு மதுரை ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெனிட்டா சிஸ்டர் வீடியோவில் வருவாள். போன ஐந்து புதன்கிழமையும் நான்தான் போனைப் பிடித்தேன், நான்தான் பேசினேன், எல்லாம் நல்லா இருக்கு சிஸ்டர் என்று நான்தான் சொன்னேன். இன்றைக்கு அந்தப் பாச்சா பலிக்காது. காலை எட்டு மணிக்கே வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பிவிட்டாள். “அப்பா, இன்னைக்கு பையக் கழட்டிட்டு அம்மாவோட தோலக் காட்டணும். அஞ்சு வாரமா ஒட்டுன பையத்தான் காட்டுறீங்க. இன்னைக்கு தோலப் பாக்காம நான் போன வைக்க மாட்டேன்.” சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாள். ஏழு தடவை போட்டுக் கேட்டுவிட்டேன். ஏழு தடவையும் அதே சிரிப்பு, அதே தோல். என் வீட்டுக்காரி சீனியம்மாள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். முதுகெலும்பு ஜாக்கெட்டுக்குள் பொத்தான் வரிசை போலத் தெரிகிறது. பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. தறி ஓடினால் நல்லது, அவள் முனகுவது காதில் விழாது. ஊதுபத்தி அணைந்துவிட்டதா? அணைந்துவிட்டது. இன்னொன்று கொளுத்த வேண்டும். மல்லிகை வாசம் என்று அட்டையில் போட்டிருக்கிறான். மல்லிகையும் மலமும் கலந்தால் என்ன வாசம் வரும் என்று அவன் வந்து முகர்ந்து பார்க்கட்டும். நாற்பது நாளில் எனக்கு மூக்கு மரத்துப்போய்விட்டது. அவளுக்கு மரக்கவில்லை. பை கசிந்தால் என்னைவிட முன்னால் அவளுக்குத்தான் தெரியும். தெரிந்ததும் கண்ணை மூடிக்கொள்வாள்.

புற்றுநோய். ஆசனவாய்க்குப் பக்கத்தில். மதுரையில் அறுத்து எடுத்துவிட்டு, குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே இழுத்து ரோஜா மொட்டளவுக்குத் தைத்து வைத்துவிட்டார்கள். இனி ஆயுசுக்கும் அந்த வழிதான், அதன் மேல் ஒட்டுகிற பைதான். அதற்கு ஸ்டோமா என்று பெயர். சீனியம்மாள் அதற்குப் பெயரே சொல்வதில்லை, ‘அது’ என்பாள். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வாரா வாரம் நர்ஸ் வர முடியுமா, அதனால் போன். பையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஜெனிட்டா சிஸ்டர் வார்டுக்கு வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். பையின் பின்பக்கம் மெழுகு மாதிரி ஒரு வட்டம், அதில் அளவு பார்த்து ஓட்டை வெட்டி, மொட்டைச் சுற்றி ஒட்ட வேண்டும். வெட்டத் தெரியுமாப்பா என்று கேட்டாள். வார்டில் அத்தனை பேர் இருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தாறு வருஷமாகக் கத்திரி பிடிக்கிறவனைப் பார்த்து வெட்டத் தெரியுமா என்கிறாள். “கருத்தப்பாண்டி டைலர்னு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல எறங்கிக் கேளும்மா” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சீனியம்மாள்கூடச் சிரித்தாள், தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு சிஸ்டர் பத்து நிமிஷம் என்னென்னவோ சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. சிரிப்புச் சத்தம்தான் காதில் நின்றது.

முப்பத்தைந்து மில்லிமீட்டர். நானே அட்டை வைத்து அளந்தேன், சரியாக இருந்தது. அளவு நோட்டில் ‘சீனி’ என்று பெயர் போட்டு எழுதினேன். முப்பத்தைந்துக்கு முப்பத்தேழு வெட்டணும், அதுக்கு மேல போகக்கூடாது என்றாள் சிஸ்டர். சரி சரி என்றேன். வீட்டுக்கு வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெட்டியில் இருபது பை. பள்ளிக்கூட யூனிபாரம் வந்தால் ஒவ்வொன்றாகவா வெட்டுவோம்? ஒரு மாதிரி அட்டை செய்து, வரிசையாகக் குறித்து, ஒரே உட்காரலில் வெட்டித் தள்ளுவோம். அப்படித்தான் இருபதையும் வெட்டினேன். வெட்டும்போது கை தானாக இரண்டு நூல் தள்ளிப் போனது. ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டர். உடம்பில் ஒட்டப் போகிற எதையும் இறுக்கமாக வெட்டக்கூடாது என்பது கையின் சட்டம், மூளையைக் கேட்காது. கூட விட்டால் தையலில் பிடித்துக் குறைத்துக்கொள்ளலாம், குறைத்து வெட்டினால் கடையைப் பூட்டிக்கொள்ளலாம். துணிக்குச் சரி. துணிக்கு வாயில்லை, அது எதையும் கக்குவதில்லை. இன்னொன்றும் சிஸ்டர் சொன்னாள், அது மட்டும் எப்படியோ காதில் விழுந்திருக்கிறது. ஆபரேஷன் வீக்கம் வற்ற வற்ற மொட்டு சுருங்கும், வாரா வாரம் புதுசா அளக்கணும், புதுசா வெட்டணும். வளர்கிற பிள்ளைக்குத்தானே மறுபடி அளவு எடுப்போம். கட்டிலில் படுத்திருக்கிறவளுக்கு எதற்கு? ஒவ்வொரு புதனும் “அளந்தீங்களாப்பா?” என்பாள். அளந்தேன் சிஸ்டர் என்பேன். என்ன அளவு? முப்பத்தைந்து. நோட்டில் இருக்கிறதே.

வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமையோ. இல்லை, வெள்ளி, மின்சாரம் போயிருந்தது. பையை மாற்றும்போது பார்த்தேன், மொட்டைச் சுற்றித் தோல் சிவந்து, பச்சைப் புண்ணாக ஒரு வளையம். முதலில் பை செய்கிற கம்பெனிக்காரனைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அப்புறம் அடுத்த பை ஒட்டுமுன், அவள் கண் அசந்த நேரம் அளவு அட்டையை எடுத்து மெல்ல வைத்துப் பார்த்தேன். இருபத்தேழு. மறுபடி வைத்தேன். இருபத்தேழு. என் ஓட்டை நாற்பத்தொன்று. சுற்றிலும் அரை விரலுக்குத் தோல் திறந்து கிடக்கிறது, மலம் அதிலேயே நின்று அரிக்கிறது, இரவும் பகலும். அட்டையைப் பெட்டிக்குள் வைத்தேன். அது நடந்து இருபது நாள் ஆகிறது. இருபது நாள். வேறு வெட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள், யார் நீங்கள், யாரோ. எதை வெட்ட? இருபதும் வெட்டியாகிவிட்டது. பெரிய ஓட்டையைச் சின்ன ஓட்டையாக வெட்ட எந்த மாஸ்டரால் முடியும்? புதுப் பெட்டி சிஸ்டர் எழுதிக் கொடுத்தால்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூரியரில் வரும். பழைய பெட்டி என்னாச்சு என்பாள். சொல்ல வேண்டும். சொல்ல நினைத்தேன். போன புதன் சொல்லியே விடுவது என்று பல் விளக்கும்போதே தீர்மானித்தேன். போனில் அவள் முகம் தெரிந்ததும் வாய் “எல்லாம் நல்லா இருக்கு சிஸ்டர்” என்றது. என் வாய்தான். மூன்று நாளைக்கு ஒரு தடவை அந்த வெட்டிய பைகளையே எடுத்து, பவுடர் தூவி, அவள் பல்லைக் கடிக்கக் கடிக்க ஒட்டுகிறேன். தெரிந்தே ஒட்டுகிறேன். இதற்கு என்ன பெயர்? பெயர் இருக்கிறது. அதை நினைக்க மாட்டேன்.

பத்து முப்பத்தைந்து. கஞ்சி ஆறிப் போய் ஆடை கட்டிவிட்டது. காலையில் மூன்று கரண்டி குடித்தாள். போதும் என்று கையைக் காட்டினாள். “சாப்பிட்டாத்தானங்க வரும், வந்தாத்தான எரியும்” என்று போன வாரம் ஒருநாள் சொன்னாள். சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி என்னைப் பார்த்தாள், கெட்டிக்காரத்தனமாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதுபோல. திங்கட்கிழமை மதுரையில் ஊசி ஆரம்பிக்க வேண்டும். மிச்சம் மீதி நோய் உள்ளே இருந்தால் அதைக் கொல்கிற ஊசி. உடம்பில் சத்து இருந்தால்தான் போடுவோம், நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். எடையைச் சிஸ்டர் கேட்டால் நாற்பத்தாறு என்பேன், டிஸ்சார்ஜ் அன்றைக்கு இருந்த எடை. எனக்கு எடை தெரியாது, ஆனால் அளவு தெரியும். கல்யாணத்துக்கு நான் தைத்த ஜாக்கெட்டுக்கு முப்பத்திரண்டு, நடுவில் முப்பத்தெட்டு, இப்போது கையை வைத்துப் பார்த்தாலே தெரிகிறது, இருபத்தெட்டுகூட இல்லை. ஒரு மனுஷி கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னையே பிடித்துக்கொண்டு வருகிறாள், என் ஓட்டைக்குப் பயந்து. அதைவிட இன்னொன்று. முந்தாநாள், சாயங்காலம், குனிந்து அந்தச் சிவப்பு வளையத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “ஏங்க, நோவு வெளிய வருதுபோல. உள்ள அறுத்தாக, இப்ப தோலுக்கு வந்துருச்சு. அப்படித்தான?” நான் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த விநாடி போனது, அடுத்தது போனது, பஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டியது. “டாக்டரக் கேப்போம்” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அன்று இரவு மகளுக்குப் போன் போட்டு, தன் மூக்குத்தியை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம், மகள் பிறந்த வருஷம், கான்வென்ட் யூனிபாரம் நூற்றிருபது சட்டை. கைத் துளையை நான் மாற்றி வெட்டிவிட்டேன். பிள்ளைகளுக்குக் கையே தூக்க முடியவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கான்வென்ட் தலைமைக் கன்னியாஸ்திரி, பெரிய சிஸ்டர், கடைக்கே வந்துவிட்டார்கள். சீனியம்மாள் மூலையில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். “தையல்ல பிடிச்சுட்டாம்மா எங்க வீட்டுல, பச்ச ஒடம்பு, கவனமில்ல” என்றேன். கண்ணை இமைக்காமல் சொன்னேன். அவள் ஊசியை நிறுத்தினாள். எழுந்து நின்று, “ஆமாம்மா, என் தப்புதான்” என்றாள். பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. சண்டை வந்தபோதும், என் அம்மா அவளை வாய்க்கு வந்தபடி பேசியபோதும் அதை எடுத்ததில்லை. மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டேன். நமக்கு வசதியானதை அடுத்தவர்கள் மறந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. இப்போது எதற்கு அது ஞாபகம் வருகிறது? மணி பத்து நாற்பத்தெட்டு. போனை அணைத்துவிடலாம். சார்ஜ் இல்லை சிஸ்டர். டவர் இல்லை சிஸ்டர். அம்மா தூங்குறா சிஸ்டர். பவுடரைக் கனமாக அப்பிவிட்டு விளக்கை அணைத்துக் காட்டினால் சிவப்பு தெரியுமா? முழுப் பூசணிக்காய். சோறு எங்கே இருக்கிறது மறைக்க, மூன்று கரண்டிக் கஞ்சிதானே இருக்கிறது. தோசைக்கல் மேல் நிற்கிற மாதிரி கால் மாற்றி மாற்றி நிற்கிறேன். அறுபத்திரண்டு வயது. ஒரு சின்னப் பெண்ணிடம் வெட்டத் தெரியவில்லை என்று சொல்வதற்கு வெட்கம். அந்த வெட்கம் எவ்வளவு பெரியது என்று அளந்து பார்த்தால் இந்தக் கட்டில் நீளம் இருக்கிறது, அதன் மேல் இவள் படுத்திருக்கிறாள்.

அடித்துவிட்டது. பதினொன்றுகூட ஆகவில்லை, பத்து ஐம்பத்தாறு. நான்கு நிமிஷம் முன்னால் கூப்பிட்டால் என்ன நியாயம்? அடிக்கிறது. சீனியம்மாள் சுவரைப் பார்த்தபடியே, “எடுங்க, பாவம், அந்தப் பிள்ளைக்கு எத்தன பேரோ” என்றாள். எடுத்தேன். சிஸ்டர் முகம். வணக்கம்ப்பா. வணக்கம் சிஸ்டர். “அம்மா, இந்தப் பக்கம் திரும்புங்கம்மா, நான் மட்டுந்தான் இருக்கேன், கதவு சாத்தியிருக்கு” என்றாள். போனில் காட்டினால் ஊரே பார்க்கும் என்பது சீனியம்மாளின் பயம், ஐந்து வாரமாக எனக்கு அது சௌகரியம். இன்றைக்குத் திரும்பினாள். பையை நான் மெல்ல உரித்தேன். தோலும் கூடவே வருகிற மாதிரி அவள் உஸ்ஸென்று மூச்சை இழுத்தாள். போனைக் கிட்டே கொண்டுபோனேன். ஆட்டாமப் பிடிங்கப்பா என்றாள் சிஸ்டர். தறி ஓடுகிற சத்தம். “கழட்டுன பையத் திருப்பிக் காட்டுங்க” என்றாள். காட்டினேன். “இது ரொம்பப் பெருசா வெட்டியிருக்கு. சுத்தியும் தோல் வெந்துபோச்சு. யாரு வெட்டுறது?” நான் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சீனியம்மாள்தான் பேசினாள், தலையைக் கொஞ்சம் தூக்கி. ஐந்து வாரத்தில் முதல் தடவையாக அவள் சிஸ்டரிடம் பேசினாள். “அவுகதான் வெட்டுறாக. அவுக அளவு தப்பாது சிஸ்டர். முப்பத்தாறு வருசமா நான் பாக்குறேன். இது நோவு, வெளிய வந்துருச்சு. அவுகளும் மறைக்கத்தான் பாக்குறாக, எனக்குத் தெரியும். நீங்க மறைக்காம சொல்லுங்க, எத்தன நாளு?”

எத்தனை நாள் என்று கேட்டாள். என் கத்திரி தவறியது என்பதைவிடத் தான் சாகப்போவது அவளுக்கு நம்பச் சுலபமாக இருக்கிறது. “தப்பு” என்றேன். எனக்கே கேட்கவில்லை. “தப்பு என்னோடது சிஸ்டர். எல்லாத்தையும் மொத நாளே ஒரே அளவுல வெட்டிட்டேன், ரெண்டு நூல் கூட விட்டு. அப்புறம் அளக்கவே இல்ல. இருபது நாளா எனக்குத் தெரியும்.” சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்பார்கள். ஒன்றும் லேசாகவில்லை. சீனியம்மாள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தெரியாத ஆளை, வழி கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “அப்ப இது நோவு இல்லையா?” என்று போனைப் பார்த்துத்தான் கேட்டாள். இல்லம்மா, புண்ணு, ஒழுங்கா ஒட்டுனா ஒரு வாரத்துல ஆறிடும் என்றாள் சிஸ்டர். “எரியுதுன்னு நான் சோறு திங்காம கெடந்தேன்” என்றாள் சீனியம்மாள். “எம் மூக்குத்தியக் கழட்டி வச்சுட்டேன். இவுக பாத்துக்கிட்டே இருந்தாக.” சிஸ்டர் கழுத்தைக் காட்டச் சொன்னாள், கையைக் காட்டச் சொன்னாள். புஜத்தில் என் விரல் வளையத்துக்குள் அடங்குகிற அளவுக்குத்தான் சதை இருந்தது. திங்கட்கிழமை ஊசி போட முடியாது, உடம்பு தாங்காது என்றாள். எவ்வளவு தள்ளிப் போகும் என்று நான் கேட்டேன். “டிஸ்சார்ஜ் ஃபைல்ல பின்னாடி ஒரு பச்சைக் கவர் இருக்கும். அவசரத்துக்குன்னு வெட்டாத பை ரெண்டு வச்சேன். அன்னைக்கே சொன்னேனே” என்றாள். பீரோவைத் திறந்தேன். ஃபைல். பச்சைக் கவர். பிரிக்காத இரண்டு பை, அதனதன் உறையோடு, இருபது நாளும் என் தலைமாட்டிலிருந்து நான்கடி தூரத்தில்.

கத்திரியை எடுத்தேன். “இங்க கொடுங்க” என்றாள் சீனியம்மாள். தலையணையை முதுகுக்குக் கொடுத்து, தானாகவே எழுந்து உட்கார்ந்தாள், ஒரு கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி. நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தோளைச் சுருக்கினாள். அளவு அட்டையைத் தானே வாங்கித் தன் வயிற்றில் வைத்தாள். நாற்பது நாளாகப் பெயர் சொல்லாத அதைக் குனிந்து நேராகப் பார்த்தாள். “இருபத்தாறு சிஸ்டர்” என்றாள். இருபத்தெட்டு வெட்டுங்கம்மா என்றாள் அவள். காஜா எடுத்த கை, சின்ன வட்டம் அதற்குப் புதுசா. ஒரு பிசிறு இல்லை. சிஸ்டர் சொல்லச் சொல்லத் துடைத்தாள், காயவைத்தாள், பவுடர் போட்டுத் தட்டினாள், ஒட்டி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். எரிகிறதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள், “போனக் குடுங்க” என்றாள். இத்தனை நாள் போனைக் கண்டால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டவள். கொடுத்தேன். “நான் சிஸ்டர்ட்டத் தனியாப் பேசணும். கதவச் சாத்திட்டு வெளிய இருங்க.” எனக்குத் தெரிந்து இந்த வீட்டில் என்னை வெளியே இருக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை. கதவைச் சாத்தினேன். நகரவில்லை. கதவுப் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன், பலகை வெயிலில் சுட்டது. உள்ளே அவள் குரல் ரொம்பத் தெளிவாக இருந்தது. “இன்னைக்கே சோறு திங்க ஆரம்பிச்சுட்டா, சிஸ்டர், அந்த ஊசிய எப்பப் போடுவீங்க? எனக்கு நேரம் இருக்கா?”